வெள்ளிக்கிழமை மகன்

பிள்ளைகளே, உங்கள் மூத்தாப்பா, அதாவது என் வாப்பா, கடைசிக் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அது ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வயதான தாய் தகப்பன் மகளோடு இருப்பார்கள். வாப்பாவுக்கு மகள் இல்லை. என் உம்மா மவுத்தான பிறகு, நம் வீட்டுக்கு வரச் சொல்லி நானும் உங்கள் உம்மாவும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம்.

"மருமகள்ட ஊட்டுல நான் என்னெண்டு மகன் காலை நீட்டிப் படுக்கிற?" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்த கையோடு பார்க்கப் போவேன். அங்கே இருந்த மற்றப் பெரியவர்களின் மகன்மாரும் அப்படித்தான். ஜும்ஆவிலிருந்து தொப்பியோடு நேரே அங்கே வருவோம். வாப்பா குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, பவுடர் மணக்க உட்கார்ந்திருப்பார். நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறோம் என்று எனக்கு நிம்மதி.

ஆனால் நான் கொண்டுபோன வட்டிலப்பத்தை அவர் தொட மாட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்பார். கதையெல்லாம் ஒருவனைப் பற்றித்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரின் மருமகன், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் இருந்து சைக்கிளில் மீன் விற்க வருகிறவன். தன் மாமாவைப் பார்க்கப் போகிற வருகிற நேரமெல்லாம் எட்டிப் பார்ப்பானாம்.

"அந்தத் தம்பி நேத்து நகம் வெட்டி உட்டவன். மீன் ஆணத்துல பாணைத் தொட்டுத் தீத்தினவன்."

"நகம் வெட்ட நான் இல்லியா வாப்பா?"

"நீ வெள்ளிக்கிழமை மகன்தானே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் எரிந்தது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்ட காலம் அது. இவனுக்கு என் வாப்பாவிடம் என்ன வேலை? நான் பிசைந்து கொடுத்தால் வேண்டாம் என்கிறவர், அவன் குழம்பில் தொட்டு ஊட்டுகிற பாண் ரொட்டியைச் சாப்பிடுகிறார். மேலுக்கு எங்கே நோகிறது என்று என்னிடம் சொல்லாதவர், அவனிடம் சொல்கிறார். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. உங்கள் உம்மா, "மீன்காரனோட போட்டி போடுறீங்களா?" என்று கேலி செய்தார். ஓம், போட்டிதான்.

அவனுக்கு முந்தி நான் தீத்த வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை, பாணும் மீன் ஆணமும் கட்டிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே மூத்திர வாடை. வாப்பா சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். சாரன் நனைந்து ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் கோப்பை ஜன்னல் கட்டில் இருந்தது. அவர் கைக்கு எட்டாது. திருப்பிப் படுக்க வைத்தபோது இடுப்பில் கோப்பை வாயளவுக்குத் தோல் சிவந்து உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது, "இண்டைக்கு வெள்ளிக்கிழமையா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் வருகிற நாளும் நேரமும் ஊருக்கே தெரியும். இல்லத்தை நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா?

அந்த நேரம் மீன்காரத் தம்பி வந்தான். பெட்டியை வெளியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"பாத்திட்டும் ஏன்டாப்பா எனக்குச் சொல்லல்ல?" என்று அவன் மேலேயே பாய்ந்தேன்.

"உங்களை எங்க, காக்கா, நான் காணுற? இங்க நடத்துறவரிட்டச் சொன்னன். மாமாவை மட்டும் பாரு, அந்தக் கிழவன் உனக்குச் சொந்தமா எண்டு கேட்டாரு."

சொந்தம் நான்தான் என்று நடத்துகிறவரைக் கையோடு கூட்டி வந்து, வாப்பாவின் இடுப்பைக் காட்டினேன். வேலையாள் காணாது, ஆள் பற்றாக்குறை என்றார்.

"வேலையாள் காணாட்டி வெள்ளிக்கிழமை மட்டும் எங்கால வாற?"

அன்றைக்கே டாக்டர் வந்து மருந்து கட்டும்வரை நான் அசையவில்லை. அடுத்த ஜும்ஆவில் மற்ற மகன்மாரைப் பிடித்துச் சொன்னேன். ஒருவர், "என்ட வாப்பா ஒண்டும் சொல்லலியே" என்றார். "என்டவரும் சொல்லல்ல" என்றேன். அதன்பிறகு ஆளுக்கு ஒரு நாளாக, சொல்லாமல் கொள்ளாமல் போனோம். யார் போனாலும் எல்லாக் கட்டிலையும் பார்த்து வருவது என்று பேச்சு.

புண் ஆறிவந்தது. ஆனாலும் வாப்பா என்னிடம் எதையும் முறையிடவில்லை. கேட்டால், "சுகமா இரிக்கன் மகன்" என்பார். சைக்கிள் மணி கேட்டால் மட்டும் முகம் வாசலுக்குத் திரும்பும். என் பொறாமை அப்படியே இருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை நான் உள்ளே நுழையும்போதே வாப்பா, "கஞ்சி ஆறிப் போய்த்தான் தந்தவங்க. உப்பும் இல்ல. கேளு மகன் அவங்களுக்கிட்ட" என்று சத்தம் போட்டார்.

பக்கத்துக் கட்டிலில் மாமாவுக்குத் தீத்திக்கொண்டிருந்த தம்பி திரும்பினான்.

"நான் வந்து எவ்வளவு நேரம்! எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்லயே அப்பா?"

"உனக்கிட்ட என்னத்துக்கு? மகன் வருவான்தானே" என்றார் வாப்பா.

தம்பியின் முகம் ஒரு மாதிரிப் போனது. நான் அதைப் பார்க்காதவன் போல, கஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தேன்.