வடிகாலைக் கடந்த ரயில்

இன்று தேக்காவில் ஒரு தையற்கடையைத் தாண்டும்போது மெஷின் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், சிராங்கூனில் இருந்த எங்கள் தரைவீட்டுத் தோட்டம் அப்படியே எழுந்து வந்துவிட்டது: பப்பாளி மரத்தைச் சுற்றி அப்பா பதித்த குட்டித் தண்டவாளம், அம்மாவின் தையல் எண்ணெயைக் குடித்துவிட்டுக் கிர்ரென்று சுற்றும் பச்சை எஞ்சின், குனிந்தபடியே பின்னால் ஓடும் நானும் அக்காவும்.

குறுக்கே போன வடிகால்தான் எங்களுக்கு நாட்டு எல்லையான ஜோகூர் நீரிணை. அதன்மேல் போட்ட பலகைதான் பாலம். எஞ்சின் முதல்முறை தண்ணீரில் விழாமல் அக்கரை சேர்ந்தபோது நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். ஆனால் அக்கரையில் எல்லை அதிகாரியாக நின்ற அக்கா, தண்டவாளத்தின் குறுக்கே வைத்திருந்த தடுப்புக் குச்சியைத் தூக்கவே இல்லை.

"பாஸ்போர்ட் காட்டுங்கப்பா. செக் பண்ணாம விட முடியாது லா."

அப்பா சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு செம்பருத்தி இலையைப் பறித்துப் பவ்வியமாக நீட்டினார். அக்கா சேற்றில் தோய்த்த கட்டைவிரலால் அதில் முத்திரை குத்தினாள். அதன் பிறகுதான் குச்சி உயர்ந்தது.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது எம்ஆர்டி ரயில் நிலையம். வீடு திரும்பும் வழியில் அங்கே இறங்கி அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"அக்கா, நம்ம தோட்டத்துல இன்னும் ரயில் ஓடுது!"

"இலை வச்சிருக்கியா?" என்றாள்.