சாவியை எடுத்த பிறகும் சுற்றிய விசிறி

டில்லியில் என் கல் படாத தரை குறைவு. கிட்வாய் நகர் பழைய குவார்ட்டர்ஸில் எத்தனையோ அதிகாரிகள் என் மெஷின் தேய்த்த மொசைக்கில்தான் முகம் பார்த்துத் தலை சீவினார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தபோது இந்தியில் தெரிந்தது தண்ணீருக்கான ஒரே வார்த்தை, ‘பானி’. இன்று ஏழு பாலிஷ் மெஷின், சொந்த ஃபிளாட், சொந்தக் கார். மிக்ஸி, வாஷிங் மெஷின், மாடி வீட்டு சர்தார்ஜியின் இன்வெர்ட்டர் என்று என் கையில் உயிர் பெற்றவற்றுக்குக் கணக்கில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட்டிருந்தால் இன்றைக்கும் பானி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட என்னை ஒரு ஜூன் மாதத்தில், ஒரு விசிறி மூன்று நாள் ஆட்டி வைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பேத்திக்கு ஞானஸ்நானம். மகள் ஜனக்புரியில் மாமனார் வீட்டில் இருந்தாள். சம்பந்தி பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பட்டம் வாங்கியவர். புதிதாக வெள்ளைக் கார் ஒன்றும் வாங்கியிருந்தார், கப்பல் மாதிரி. தங்கமான மனுஷர்தான். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “சம்பந்தி, உங்க வண்டி இன்னும் ஓடுதா?” என்று கேட்பார். அந்த ‘இன்னும்’ என்கிற வார்த்தை எனக்கு முள் மாதிரி. அதனால் குழந்தை பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்: “என் பேத்தி ஞானஸ்நானத்துக்கு என் வண்டியிலதான் போவா.” பத்துப் பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் டாக்டர்கள். இனி மாற்ற முடியுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். கதவைப் பூட்டினேன். முன்பக்கம் ரேடியேட்டர் விசிறி மட்டும் உய்ய்யென்று சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் சூடாக இருந்தால் என் வண்டியில் சாவியை எடுத்த பிறகும் விசிறி ஓரிரு நிமிடம் ஓடும், அது சகஜம். டில்லி வெயிலில் ஐந்து நிமிடம் ஓடினால்கூட மன்னிக்கலாம். அரை மணி நேரம் ஓடியது.

மேலே பால்கனியிலிருந்து சர்தார்ஜி குனிந்து பார்த்தார். “அங்கிள் ஜி, பங்கா சல் ரஹா ஹை!”

விசிறி ஓடுகிறதாம். என்னிடமே சொல்கிறார்! “அதுக்குச் சூடு ஜாஸ்தி, நான்தான் ஓட விட்டிருக்கேன்” என்று இந்தியில் கம்பீரமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். எனக்கு அற்புதமான யோசனை ஒன்று வந்திருந்தது. வீட்டை எது குளிர வைக்கிறது? கூலர். கூலரை எது குளிர வைக்கிறது? நனைந்த புல் தட்டி. ஜன்னல் கூலரின் ஒரு பக்கத்துத் தட்டியைக் கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் சொட்டியது, புல் மணத்தது. கொளுத்துகிற ஜூன் மாதத்தில் காருக்கே கூலர் போட்டவன் டில்லியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். அவள் குரலுக்கு நோயாளிகள் மட்டுமல்ல, பெரிய டாக்டர்களே படுத்துவிடுவார்கள்.

“என்ன பண்ணுதீய? கூலர் தட்டியக் கழட்டி வண்டிக்குக் கட்டிட்டா, நாம எதுல தூங்க?”

“ஒரு ராத்திரிதான்டி. வண்டிக்குக் காய்ச்சல்.”

“காய்ச்சலா? தொட்டுப் பாத்தீயளா?”

தொட்டுப் பார்க்கவில்லை. சுற்றுகிற விசிறியைப் பார்த்தவுடனே சூடுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் பானெட் ஓரத்தில் புறங்கையை வைத்தாள், குழந்தை நெற்றியில் வைப்பது போல. “இளஞ்சூடுதான் இருக்கு. இதுக்கு இவ்வளவு விசிறவேண்டாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் தட்டியை அவிழ்க்கவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை காலையில் சாவியைப் போட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம்கூட இல்லை. விசிறி பாட்டரியை முழுசாகக் குடித்துவிட்டுத் தானும் ஓய்ந்திருந்தது. தட்டி காய்ந்து கிடந்தது.

இந்தச் செய்தி எப்படியோ மனைவியிடமிருந்து மகளுக்குப் போய், மகளிடமிருந்து ஜனக்புரி முழுக்கப் போய்விட்டது. சம்பந்தியே போன் போட்டார்.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க சம்பந்தி. பாப்பா நம்ம வண்டில வரட்டும். நீங்களும் மெட்ரோல சௌகரியமா வந்துடுங்க.”

மெட்ரோவில்! என் பேத்தி ஞானஸ்நானத்துக்கு நான் டோக்கன் எடுத்துக்கொண்டு போவதா? “நாளைக்குக் காலைல ஒம்பதே காலுக்கு உங்க வாசல்ல ஹாரன் அடிப்பேன், பாருங்க” என்று சொல்லி போனை வைத்தேன். என்ன வேகத்தில் அந்த வார்த்தை வாயில் வந்ததோ!

தெருமுனை கார் மிஸ்திரியை வரவழைத்தேன். வேறொரு பாட்டரியிலிருந்து வயர் கொடுத்து வண்டியை உசுப்பித் தன் கடைக்கு ஓட்டிப் போனார். பாட்டரியைச் சார்ஜில் போட்டார். எஞ்சின் சூட்டைக் கண்டு சொல்கிற சென்சார்தான் பொய் சொல்கிறது என்று புதிதாக ஒன்று மாட்டினார். விசிறி நிற்கவில்லை. தலையைச் சொறிந்தார். “மண்டே ஆவோ. வயரிங் எல்லாம் பிரிக்கணும்.”

திங்கட்கிழமையா? அதற்குள் என் பேத்தி கிறிஸ்தவளாகியிருப்பாள். வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிப் போட்டேன். விசிறி செத்தது. இனி சார்ஜ் குறையாது. ஆனால் இது மருந்து இல்லை, மயக்க ஊசி.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கீழே இறங்கினேன். வெயில் அப்போதே வேலையை ஆரம்பித்திருந்தது. மனைவி ஒரு கையில் காபி டம்ளரோடு வந்து, மறு கையின் புறங்கையை மறுபடி எஞ்சினில் வைத்தாள்.

“பச்சத் தண்ணியாட்டம் கெடக்கு. இப்ப பாட்டரிய மாட்டுங்க.”

மாட்டினேன். சாவி என் பையில். எஞ்சின் ஜில்லென்று. மாட்டிய அதே நொடி விசிறி உய்ய்யென்று கிளம்பியது.

“காய்ச்சலே இல்ல. தெர்மாமீட்டரயும் மாத்தியாச்சு. அப்பறம் யாரு இத ஓடச் சொல்லுதா?” என்றாள்.

யார் ஓடச் சொல்கிறார்கள்! அந்தக் கேள்வியில் எனக்குள் ஒரு பல்ப் எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கேள்விதான் அவளுடையது, பல்ப் என்னுடையது. என் பாலிஷ் மெஷின் ஒன்று ஒரு தடவை இப்படித்தான் பேய் பிடித்து ஆடியது. ஆஃப் பட்டனை அமுக்கியும் கல் சுற்றிக்கொண்டே இருந்தது. மோட்டாரில் குற்றமில்லை, பட்டனிலும் குற்றமில்லை. நடுவில் கரண்டைத் திறந்து மூடுகிற இரண்டு செம்புப் பொட்டுகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காரிலும் நடுவில் அப்படி ஒருவன் உண்டு. ரிலே. பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

பாட்டரிக்குப் பக்கத்து மூடியைத் திறந்தேன். ஒரே அச்சில் வார்த்தது போல மூன்று நாலு பெட்டிகள். மூடியின் உள்பக்கத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருந்தது. விசிறிப் படம் போட்டதைப் பிடுங்கினேன். விசிறி நின்றது. அந்த நிசப்தம் இருக்கிறதே, ஆராதனையில் கண்ணை மூடச் சொல்லும்போது வருகிற மாதிரி அப்படி ஒரு நிசப்தம்.

“நின்னுட்டு! ஆனா கொலகாரன் இவன்தானா, இல்ல இவனையும் வேற எவனும் ஏவுதானான்னு எப்படித் தெரியும்?” என்றாள் அவள். நர்ஸ் புத்தி.

“இடம் மாத்திப் பாத்தா தெரியும்.”

பக்கத்தில் ஹாரன் படம் போட்ட பெட்டி. அதே அளவு, அதே கால்கள். அதைப் பிடுங்கி விசிறி இடத்தில் வைத்தேன். விசிறி அசையவில்லை. விசிறியினுடையதை எடுத்து ஹாரன் இடத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன்.

பாஆஆஆஆஆம்!

ஸ்டியரிங் பக்கம் யாருமே இல்லை. ஹாரன் தானாக அலறியது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, மூன்று மாடிக் கட்டிடங்கள் எட்டுக்கு நடுவில். நாய்கள் குரைத்தன, புறாக்கள் பறந்தன. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்! நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன். ஆமாம், ஆடினேன். அறுபத்தேழு வயதில், பானெட்டைச் சுற்றி.

“அங்கிள் ஜி! சன்டே ஹை!” சர்தார்ஜி தலைமுடியை அவிழ்த்துவிட்ட கோலத்தில் பால்கனிக்கு வந்துவிட்டார்.

“மில் கயா! மில் கயா!” கிடைத்துவிட்டது என்று நான் கத்தினேன். என்ன கிடைத்தது என்று தெரியாமலே எதிர் மாடியில் ஒருவர் கை தட்டினார்.

“முதல்ல அதப் பிடுங்குங்க! ஆடுதாராம்!” என்று மனைவி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். சிரித்துச் சிரித்து அவளுடைய காபி தரையில் பாதி.

பிடுங்கினேன். இப்போது கணக்கு எளிது. நல்ல பெட்டி ஒன்று, இடம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காஷ்மீரி கேட்டில் உதிரிபாகக் கடை ஒன்றுகூடத் திறந்திருக்காது. விசிறி இல்லாமல் ஜூன் மாதத்தில் போனால் எஞ்சின் வெந்துவிடும். ஆக, விசிறிக்குப் பெட்டி. ஹாரனுக்கு இல்லை.

டில்லியில் ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்டுவது வாயைக் கட்டிக்கொண்டு காய்கறி வாங்குவது மாதிரி. ஆனாலும் சரியாக ஒன்பதே காலுக்கு ஜனக்புரி வாசலில் நின்றேன். ஹாரன் அடிப்பதாகச் சொன்னவன் கையைத் தட்டினேன்.

சம்பந்தி வேட்டி சட்டையில் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஹாரன் அடிக்கிறேன்னீங்களே?”

“ஹாரனைக் கழட்டித்தான் விசிறியைக் குணப்படுத்தியிருக்கேன்.”

“அய்யய்யோ, பாப்பாவை வெச்சுக்கிட்டு ஹாரன் இல்லாமலா? நம்ம வண்டில ஏத்துங்க.”

மகள் யோசிக்கவே இல்லை. வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையோடு என் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “மாமா, அப்பா சொன்னா சொன்னதுதான். நீங்க பின்னாடியே வாங்க. அப்பா, மெதுவா, ஆனா ஜல்தி!”

மெதுவாக, ஆனால் ஜல்தி. போனோம். முதல் திருப்பத்திலேயே ஒரு ஈ-ரிக்‌ஷா குறுக்கே படுத்துக்கொண்டது. மனைவி கண்ணாடியை இறக்கி, வழி விடச் சொல்லி வார்டுக் குரலை வெளியே எடுத்தாள்: “ஹடோ பையா! எமர்ஜென்சி ஹை!”

“அம்மா, சர்ச்சுக்குப் போற வழில பொய்யா?”

“உங்கப்பன் வாக்குக் குடுத்திருக்காருல்லா, அதவிட எமர்ஜென்சி எது?”

ஈ-ரிக்‌ஷா நகர்ந்தது. அடுத்து ஒரு மாடு. அது எமர்ஜென்சிக்கெல்லாம் மசிகிற மாடு இல்லை. அப்போது குழந்தை வாயைத் திறந்து ஒரு அலறல் போட்டது பாருங்கள், மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிவிட்டது. ஹாரன் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது!

சிக்னலில் முன்னால் நின்ற பஸ் பச்சை விழுந்தும் கிளம்பவில்லை. மகள் பின்வண்டிக்குப் போன் போட்டாள். “மாமா, ஒரு தடவை அடிங்க.” வெள்ளைக் கார் பாம் என்று அடித்தது. பஸ் கிளம்பியது. அதன்பிறகு ஏற்பாடு தானாக அமைந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்குவேன். சம்பந்தி அடிப்பார். முதலில் தயக்கமாக அடித்தார், பிறகு தாளத்தோடு அடிக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் பார்த்தேன். மேனேஜராக இருந்தவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் ஹாரன் அவர் வண்டியில் வருகிறது என்று அறிவித்தேன். பின் சீட்டில் ஒரே கும்மாளம்.

பத்து மணி ஆராதனைக்கு ஏழு நிமிடம் இருக்க சர்ச் வாசலில் நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். எல்லோரும் இறங்கினோம்.

உய்ய்ய்.

சம்பந்தியின் முகம் விழுந்தது. கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தம். “ஓடுதே சம்பந்தி. இன்னும் ஓடுதே!”

“இப்ப சூடு இருக்கு, ஓடணும். நிக்கவும் நிக்கும்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு விசிறியையே பார்த்தேன். மனைவி மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள், நாடி பிடிக்கிற மாதிரி. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். யாரும் உள்ளே போகவில்லை. உள்ளே முதல் பாட்டுக்கு ஆர்மோனியம் சுருதி பிடித்தது.

“ஒரு நிமிஷம்” என்றாள் மனைவி. பிறகு, “ஒண்ணே முக்கால்.”

விசிறி ஒரு முறை முனகியது. சுற்று தளர்ந்தது. இறகுகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. நின்றது.

சம்பந்தி கத்தினார் பாருங்கள், நான்கூட அப்படிக் கத்தவில்லை. நேராகத் தன் கப்பலுக்கு ஓடி, கதவு வழியாகக் கையை விட்டு, நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். பாஸ்டரே அங்கியோடு வாசலுக்கு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“என் பேத்தி வந்துட்டா பாஸ்டர்” என்றேன். “என் வண்டியில.”