தைலத்துக்கு அடங்காத வலி

பினாங்குத் தீவுக்குப் பாலம் இன்னும் திறக்காத காலம். தீவிலிருந்த நாங்கள் தங்கையை அக்கரையில், தாசேக் கெலுகோரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் அவளிடம் விடைபெறும்போது எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை.

"அக்கா, உனக்குக் கவலையாவே இல்லையா?" என்று கேட்டாள்.

என் மனதில் என்ன நடக்கிறது என்று சிறுவயதிலிருந்தே எனக்குச் சட்டென்று தெரியாது. தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "இல்ல" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வேலை இருந்ததால் நான் மட்டும் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்திருந்தன. நகர்வது ஃபெரியா, கரையா என்றே தெரியவில்லை. திடீரென்று வயிறு இறுகியது. குனிந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெண் தைலக் குப்பியைத் திறந்தாள்.

"ஃபெரி ஏறுனா எப்பவும் இப்படியாக்கா?"

"இல்ல. எப்பவும் தங்கச்சி கூட வருவா. இப்பத்தான் கட்டிக்குடுத்துட்டு வரேன்."

அவள் குப்பியை மெல்ல மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது தைலத்துக்குப் போற வலி இல்லலா."

கரை வந்தது. இறங்கி, அடுத்த ஃபெரியிலேயே திரும்பினேன். கதவைத் திறந்த தங்கையிடம், "நீ இல்லாம வயிறு வலிக்குது" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "எனக்கும்தான்க்கா."

அந்த வலியின் பெயர் இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. வயிறு இறுகினால், பக்கத்தில் யார் இல்லை என்று பார்க்கிறேன்.