வாசலில் அறைந்த பட்டம்

பல்கலைக்கழகத் தோட்டத்தில் முப்பத்தோராண்டு மண்ணோடு மல்லுக்கட்டியவள் அவள். எல்லாருக்கும் தோட்டத்தம்மா. ஆய்வகத்தில் பிழைக்காத அரிய பெரணிச் செடிகளெல்லாம் அவள் கையில், விரிசல் விட்ட சட்டிகளில், தழைத்தன. ஓய்வு பெற்ற வருடம் பல்கலைக்கழகம் அவளுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது.

மேடையேறும் முன் பதிவாளர் சொன்னார்: "இது மரியாதைக்குக் குடுக்கறதும்மா. பேருக்கு முன்னாடி போட்டுக்கற வழக்கம் இல்ல."

தலையாட்டினாள். காதில் ஏறவில்லை. மறுவாரமே அவள் தம்பி, அவள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று பொறித்த பித்தளைப் பலகையை வாசற்கதவில் அறைந்தான். "நம்ம பரம்பரையே கைநாட்டு. நாலு பேர் பாக்கட்டும்க்கா!"

அவள் மகளும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தாள். தாவரவியலில் முனைவர் பட்டத்துக்காக ஏழாவது வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் அத்தியாயத்தை நெறியாளர் நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

பாராட்ட வந்த அக்கம்பக்கத்தார் கூடம் நிறைய உட்கார்ந்திருந்த அன்று, ஒருவர் மகளைப் பார்த்து, "அம்மா முந்திக்கிட்டாங்களே, நீ எப்போ?" என்றார்.

தாய்க்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. "நான் மண்ணக் கிளறியே வாங்கிட்டேன். இவ ஏழு வருஷமா காகிதத்தக் கிளறிக்கிட்டிருக்கா!"

கூடமே சிரித்தது. மகளும் சிரித்தாள். சிரித்தபடியே காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் ஆய்வை விட்டுவிட்டு, வெளியூரில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள்.

"வெண்ணெ திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைப்பாங்களாடி?"

"முடியலம்மா."

"அன்னிக்கு நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்..."

"தெரியும்மா. அதான் கோவப்படக்கூட முடியல."

மகள் ஊருக்குப் போன மறுநாள் தோட்டத்தம்மா நெறியாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "என் பட்டத்த எடுத்துக்கிட்டு அவளுக்கு ஒரு வழி பண்ணுங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. "இது கை மாத்தற பொருள் இல்லம்மா. திருப்பித் திருப்பி அனுப்பினது நல்லா வரணும்னுதான். இன்னும் ஆறு மாசம் இருந்திருந்தா முடிச்சிருப்பா."

அந்த ஆறு மாதத்தை அவள் மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் இருவரும் பேச ஆரம்பித்தால் இலை, வேர் என்று நேரம் போவதே தெரியாது. இப்போது சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்.