மருந்து அடித்த வெண்டைப் பாத்தி

இலையைத் தொட்டால் போதும், அடியிலிருந்து வெள்ளை ஈக்கள் பொங்கிப் பறக்கும். கீழ்க்கட்டளையில் என் நாத்தனார் வீட்டுப் பின்புற வெண்டைப் பாத்தி என்றதும் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த ஈ மொய்த்த செடிக்கு நரம்பெல்லாம் மஞ்சளாகி, காய் வெளுத்துச் சூம்பிவிடும். தெருவில் பலர் வெண்டை போடுவதையே விட்டிருந்தார்கள். என் கணவரின் அக்கா என்பதால் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் விடவில்லை. மருந்து அடிக்க மாட்டார். ஈ வந்து மொய்க்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பாத்தி முழுக்க மஞ்சளானாலும் நாலைந்து செடி பச்சையாகவே நிற்கும். அவற்றில் புடவைக் கிழிசலைக் கட்டி, காயை முற்றவிட்டு, விதை எடுப்பார். மறு வருஷம் அந்த விதைதான் மண்ணுக்குப் போகும்.

இப்படியே மூன்று வருஷம். நாலாம் வருஷம் இருந்த விதை மொத்தத்தையும் ஊன்றினார். அந்தக் காய்ப்பு முடிந்ததும் அந்த இடத்தில் வீடு கட்ட மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டது. “இதான் கடைசித் தபா. நின்னு காட்டுறதுல வெதை எடுத்து ஆளுக்கு ஒரு பிடி குடுத்துடுவேன்” என்று தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகச் செங்கல்பட்டுக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. நான்தான் ஆபீஸ் போகிற, நாலும் தெரிந்த மேதாவி ஆயிற்றே! அவர் மருந்து அடிக்காததைக் கஞ்சத்தனம் என்றே நினைத்திருந்தேன். ஈ மொய்ப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் மருந்து வாங்கி, ஆபீஸில் ஒருவரிடம் தெளிப்பானை இரவல் கேட்டு, இரண்டு முறை அடித்தேன். மூன்று வாரம் கழித்து அவர் திரும்பியபோது பாத்தியில் ஒரு மஞ்சள் இலைகூட இல்லை. பாராட்டுவார் என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

ஓர் இலையைக் கிள்ளி மோந்தார். “மருந்து அடிச்சியா?”

“ஆமாம்க்கா. எல்லாமே பொழைச்சிடுச்சு பாருங்க.”

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாம் பொழைச்சா, எது தானா தாங்கிச்சின்னு நான் எப்டிம்மா கண்டுபுடிப்பேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெளிப்பானோடு நான் அங்கே போகாமலே இருந்திருக்கலாம்.

மாசிக்குள் அங்கே கடைக்கால் தோண்டிவிட்டார்கள். விதை கேட்டுத் தெருக்காரர்கள் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “பொண்ணு பிரசவத்துக்குப் போனவ சரியா பாத்துக்கல. எல்லாம் பூட்ச்சு. என் தப்புதான்” என்றார். “இன்னாக்கா, இப்டி பண்ணிட்டியே” என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.