மேடையில் அப்பா சேர்த்துச் சொன்னது

என் தலைமுடியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால், அன்றைக்கு 'டெப்போ அண்ணா' எங்கள் தெருவுக்கு வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். குழந்தைகளைக் கண்டால் தலையைத் தடவிக் கொடுக்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. காலையிலிருந்து தன் டெப்போவில் ரேஷன் மண்ணெண்ணெய் அளந்த கை என்பதால், "ஓட்டுக் கேக்கறவன் வாயால கேக்கக் கூடாதா, எம் பொண்ணு தலைதான் கெடச்சுதா" என்று அம்மா திட்டிக்கொண்டே சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், இரண்டு நாளைக்கு அது போகாது. பல வருடம் கழித்து அதே கை தில்லியில் மந்திரியாக உறுதிமொழி எடுத்த காகிதத்தைப் பிடித்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் எனக்கு அந்த வாடைதான் வந்தது.

அவர் படிப்படியாக ஏறிய கதையைப் பத்திரிகைகளில் எழுதிவிட்டார்கள். எளிய குடும்பம், கடும் உழைப்பு, மக்கள் தொண்டு. எழுதட்டும். அந்தப் படிகளில் ஒன்று என் அப்பா. அதை வேறு எவரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பெங்களூரில் விவேக் நகர் கிறிஸ்தவக் கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பெரிய சாக்கடைக் கால்வாயின் ஓரமாக இருந்தது எங்கள் 'சூளை லைன்'. எப்போதோ அங்கே செங்கல் சூளை இருந்ததாம். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் கட்டிக்கொண்ட எழுபது எண்பது வீடுகள். இடம் சர்க்காருடையது, எவரிடமும் ஒரு காகிதம் கிடையாது. அப்பா சவரிமுத்து ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். லேத் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பது அவர்தான். திருவிழாவுக்கு வெளியிலிருந்து வரும் மங்களூர் சாமியார் கன்னடத்தில் பிரசங்கம் வைத்தால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதும் அவர்தான். சாமியார் ஏதோ வறட்டுப் பேச்சாகப் பேசிக்கொண்டு போவார். அப்பா சொல்லும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் டெப்போ அண்ணா அப்பாவைப் பிடித்தார் என்று அம்மா பிற்பாடு சொல்லுவார்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு ஊருக்குள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வெளியே தமிழில் வாய் திறக்காதே என்று சொல்லிச் சொல்லியே பெரியவர்கள் எங்களைப் பாதி ஊமையாக்கியிருந்தார்கள். ஒரு மாலை லைனின் முனையில் கட்டைகளோடு ஒரு கும்பல் வந்து நின்றது. அம்மா என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை ஏன் என்று தெரியாமலே கையில் எடுத்துக்கொண்டு நின்றார். டெப்போ அண்ணா தன் எண்ணெய் வண்டியைக் குறுக்கே நிறுத்தி அவர்களிடம் ஏதோ பேசினார். கும்பல் திரும்பிப் போய்விட்டது. போகும் வழியில் மெயின் ரோட்டில் இரண்டு கடைகள் எரிந்தன.

"அவரு மட்டும் இல்லன்னா நம்ம கதி?" என்றார் அப்பா. "மண்ணெண்ணெ இல்லாம கடை எரியுமா?" என்றார் அம்மா. அப்பா அம்மாவை அடிக்கக் கை ஓங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த மாதம் லைனில் ஒரு கூட்டம். இரண்டு பெஞ்சு, ஒரு மைக், மேடை அவ்வளவுதான். டெப்போவில் எண்ணெய் ஊற்றும்போது பெண்களிடம் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுகிற மனிதர், மேடை ஏறினால் சுத்தக் கன்னடம்தான் பேசுவார். பக்கத்துத் தெருவிலும் அவருக்கு ஓட்டு வேண்டுமல்லவா. "ஹெதரபேடி. நாவித்தீவி. நோடோணா" என்றார். கன்னடப் பள்ளியில் நான்காவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பயப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம், பார்க்கலாம். அவ்வளவே.

அப்பா மைக்கைப் பிடித்தார். "பயப்படாதீங்க! இந்த லைன்ல ஒரு வீட்டுக் கூரையக்கூட எவனும் தொட முடியாது. தொட்டா மொதல்ல என்னத் தாண்டித்தான் வரணும்னு அண்ணா சொல்றாரு!"

லைனே அழுதது. கலவரத்தில் அழக்கூடப் பயந்திருந்த ஜனம், அன்றைக்குக் கைதட்டிக்கொண்டே அழுதது. டெப்போ அண்ணா திரும்பி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்துதான் சிரித்தார். அதற்குப் பிறகு தமிழர் இருக்கும் எந்தத் தெருவில் கூட்டம் என்றாலும் அப்பா இல்லாமல் அவர் மேடை ஏறியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்: "அண்ணா அப்படிச் சொல்லவே இல்லியேப்பா?" அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "அவரு மனசுல இருக்கறதச் சொன்னேன் கண்ணு. வாயில வர்றத மட்டும் திருப்பிச் சொல்றதுக்கு நான் எதுக்கு?" என்றார். அவர் மனதார நம்பித்தான் சொன்னார் என்பதை இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தன்று அப்பாவுக்கு நாற்காலி போடுவார்கள். எனக்குக் கோலி சோடா உடைத்துத் தருவார்கள். பள்ளியில் "உங்கப்பா மைக்ல பேசறாருடி" என்பார்கள். இவ்வளவுக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டெப்போ அண்ணா கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சி உறுப்பினர், ஆனார். அந்தத் தேர்தலில் தண்ணீரைப் பற்றி அவர் "நோடோணா" என்றதை, அப்பா "ஒரே மாசத்துல லைனுக்குக் கொழாய்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, பாவி மனுஷன். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, தான் சொன்ன சொல்லை அண்ணாவின் சொல்லாக்குவதற்காகத் தண்ணீர் வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மனு எழுதினார், பியூனைக் கெஞ்சினார், இன்ஜினியரின் ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றார். ஒரு மாதம் ஆறு மாதமானாலும் குழாய் வந்தது. அண்ணா வந்து மாலை போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். இதே மாதிரி ஒரு தெருவிளக்கும் வந்தது. அண்ணா சொன்னால் நடக்கும் என்று லைனில் பேச்சு நிலைத்துப்போனது. அப்பாவும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குப் பதினேழு நடக்கும்போது அவர் எம்.எல்.ஏ.வுக்கு நின்றார். இப்போது அவரை யாரும் அண்ணா என்பதில்லை, 'சாஹேப்ரு'. கையில் எண்ணெய் வாடை போய்விட்டிருந்தது, மோதிரம் வந்திருந்தது. அந்த மேடையில் அவர், "ஹக்கு பத்திரத விஷய நன்ன மனஸ்ஸினல்லிதே" என்றார். வீட்டு மனைப் பட்டாவைத்தான் அங்கே ஹக்கு பத்திரம் என்பார்கள். பட்டா விஷயம் என் மனதில் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அப்பா சொன்னார்: "ஜெயிச்ச மறு மாசம் வீட்டுக்கு வீடு பட்டா! அதுவும் பொம்பளைங்க பேர்ல!"

குலவைச் சத்தம் கால்வாயைத் தாண்டிக் கேட்டது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "பொம்பளைங்க பேர்லன்னு எவன்யா சொன்னான்?" என்று வீட்டில் கேட்டதற்கு, "இருந்தா நல்லாத்தான இருக்கும்" என்று அசடு வழிந்தார் அப்பா.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அத்தை கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைக்கப் போகிறவர். பட்டா வரப்போகிறதே என்று அந்த வருஷமே தகரத்தைப் பிரித்துவிட்டு 'மோல்டு' போட்டார்; கான்கிரீட் கூரைக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. காதிலிருந்த கம்மல் கூரைக்குப் போய், காதில் துடைப்பக்குச்சி வந்தது. அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் மோல்டு போட்டார்கள். கூரை இறுகுவதற்காக எல்லோரும் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றினோம். அப்பா ஒவ்வொரு கூரை மேலும் ஏறி நின்று, காலால் தட்டிப் பார்த்து, "கல்லாட்டம் இருக்குது" என்று சந்தோஷப்பட்டார்.

அவர் ஜெயித்து ஒன்றரை வருடம் கழித்து வந்தது பட்டா இல்லை, நோட்டீஸ். கால்வாயை அகலப்படுத்துகிறார்களாம், லைன் முழுவதும் காலி செய்ய வேண்டுமாம். கன்னடத்தில் இருந்த அதை எல்லோருக்கும் வாசித்துச் சொன்னது நான்தான். ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மறுநாள் காலை பத்துப் பதினைந்து பேர் சாஹேப்ருவின் வீட்டுக்குப் போனோம். முன்னால் அப்பா, துவைத்த வெள்ளைச் சட்டையில். நோட்டீஸை வாசிக்க நான். மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டு வந்தார். ஸ்டெல்லா அத்தை, "பட்டா தர்றேன்னு சொன்னீங்களே சாமி" என்று ஆரம்பித்ததும் அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு ஆச்சரியம். அவர் அன்று பேசியது தமிழில்.

"நான் எங்கம்மா சொன்னேன்? நான் பேசுனதெல்லாம் கேசட்ல இருக்குது. ஏய், அந்த லைன் கூட்டத்துக் கேசட்டப் போடுப்பா."

மைக் செட்காரர் ஒவ்வொரு கூட்டத்தையும் பதிவு செய்து அங்கே கொடுத்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. உதவியாளர் கேசட்டை ஓட்டினார். முதலில் அவர் குரல்: மனதில் இருக்கிறது. அடுத்து அப்பாவின் குரல், கணீரென்று, பூசையில் வாசிக்கிற அதே குரல்: வீட்டுக்கு வீடு பட்டா. குலவைச் சத்தம். உதவியாளர் நிறுத்தினார்.

"இதுல என் கொரல் எது, அவரு கொரல் எதுன்னு உங்களுக்கே தெரியும். சவரி, நீ ஏம்பா ஜனங்களுக்கு இப்படிப் பொய் ஆசை காட்டுன?"

கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா அங்கேயே, அந்த வெள்ளைச் சட்டையோடு நின்றார். "நீங்க கேட்டுக்கிட்டு சும்மாதானே இருந்தீங்க" என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சனியன்.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. தகர வீடுகள் சத்தமில்லாமல் மடிந்தன. மோல்டு வீடுகளுக்குத்தான் நேரம் எடுத்தது. தன் கூரை இரண்டாகப் பிளந்து தொங்கியபோது ஸ்டெல்லா அத்தை பாய்ந்து வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "எங்கய்யா பட்டா? எம் பேர்ல எங்கய்யா பட்டா? உன் வாயால கெட்டோமே!" இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பொத்தான்கள் தெறித்தன. அப்பா கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

ஆனேக்கல் பக்கம் ஒற்றை அறைக் குடியிருப்பு ஒதுக்கி, லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். பட்டறை தூரமாகிப்போனதால் அப்பாவின் வேலை போயிற்று. அங்கிருந்த சின்னக் கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டபோது, "தொண்ட சரியில்ல" என்றார். தொண்டைக்கு ஒன்றுமில்லை. வீட்டில்கூட உப்பு வேண்டுமென்றால் கையைத்தான் காட்டினார். ஸ்டெல்லா அத்தை அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி இருந்தார். அவர் வரும் நேரம் பார்த்து அப்பா உள்ளே போய்விடுவார்.

சில வருடங்களில் சாஹேப்ரு எம்.பி. ஆனார், தில்லியில் இணை மந்திரியும் ஆனார். அன்று மாலை நானும் அப்பாவும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். பெங்களூர்ப் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டி, குடிசைவாசிகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். "நோடோணா" என்றார்.

பக்கத்தில் அப்பாவின் உதடு அசைந்தது.

"பாக்கலாம்னு சொல்றாரு" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "அவ்ளோதான் சொல்றாரு" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் வேலையாக விவேக் நகர்ப் பக்கம் போனேன். சூளை லைன் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள்; கால்வாய் அகலமாகவும் இல்லை, மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடி, கார்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா கொண்டுவந்த குழாய் எந்த இடம் என்று தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்ததால் வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் போய் ஸ்டெல்லா அத்தையிடம் இதைச் சொன்னேன். எழுபதைத் தாண்டிவிட்டார், காதில் இன்னும் அந்தத் துடைப்பக்குச்சிதான். பேச்சுவாக்கில், இத்தனை வருடம் அடைத்துக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டேன்: சாஹேப்ரு சொல்லாததையெல்லாம் அப்பா சேர்த்துச் சொன்னார் அத்தை, எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும், மறைத்துவிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடி பெரிய ரகசியம்? மார்க்கெட்லயும் கம்பெனிலயும் நாங்க இன்னா பாஷைல பேசுனோம்? எங்களுக்குக் கன்னடம் தெரியாதா? அந்தாளு நோடோணா நோடோணான்னு சொன்னது லைனுக்கே தெரியும். உங்கப்பா சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு. கேட்டுக்கினோம்."

குரலை உயர்த்திக் கேட்டேன்: "தெரிஞ்சுதான் அன்னைக்கு அவர் சட்டையைப் பிடிச்சீங்களா?"

"சும்னே இருடி" என்றார். காதுக்குச்சியைத் திருகிக்கொண்டார். "வேற யார் சட்டையப் புடிக்கறது? அந்தாளு கைக்கு எட்டுவானா? எட்டுற தூரத்துல உங்கப்பாதான் இருந்தாரு."

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதேன். லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். தான்தான் அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டோம் என்று பேச்சையே விட்டுவிட்டு நாலு வீடு தள்ளிக் கிடந்த மனிதரிடம் மட்டும், ஒருவர்கூடப் போய் அதைச் சொல்லவில்லை.