அக்காவுக்கு நான் சொன்ன இரண்டாவது இரங்கலுரை

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கண் காட்டுவதற்கு வரிசையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. நாவலாசிரியை ஜெயமலரின் தங்கை. "அண்ணை, அக்கா மோசம் போயிட்டா" என்றார். சாவுச் செய்தி கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. இனி என்னை ஜெயமலரோடு ஒப்பிட்டுக் கதைக்க மாட்டார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத என்னால் முடியாது.

உடுப்பிட்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் படிப்பித்தோம். எங்கள் முதல் நாவல்கள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. அவருடையதை ஆசிரியர் அறையில் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள். என்னிடம் அதிபர், "நீரும் ஏதோ எழுதினீராமே?" என்று கேட்டார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் முப்பது ஆண்டுகளாகியும் ஆறவில்லை.

ஜெயமலர் அக்காவின் எழுத்துமுறையே வேறு. எந்த அத்தியாயத்தையும் முதலில் தம் கோப்பாய் வீட்டில் நாடகமாக நடத்திப் பார்ப்பார். மேடை கிடையாது. பார்வையாளர் என்று யாரையும் ஒதுங்கி இருக்க விடவும் மாட்டார். படலையைத் திறந்து உள்ளே போனால் நீங்கள் பெண் பார்க்க வந்தவர், அல்லது காணி பிரிக்க வந்த மச்சான். அவர் குசினியில் அடுப்போரம் கொப்பியோடு இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். "ஆக்கள் முதல் கதைக்கட்டும். நான் பிறகு எழுதுறன்" என்பார். நானும் ஒருமுறை என் வீட்டில் அப்படிச் செய்து பார்த்தேன். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிரிக்கெட் பற்றிக் கதைத்தார்கள்.

அவருடைய மூன்றாவது நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு செத்தவீடு. முற்றத்தில் பந்தல் போட்டு, கூடத்துக் கட்டிலில் தாமே பிணமாகக் கிடந்தார். படுக்குமுன், "சிவம், நீர்தான் இரங்கலுரை சொல்ல வேணும். புளுகாதையும். மனசிலை கிடக்கிறதைக் கதையும்" என்றார். நடிப்புத்தானே என்று நானும் கொட்டிவிட்டேன்: "இவ எழுதின ஒவ்வொரு பக்கமும் நான் எழுதியிருக்க வேண்டியது. எரிஞ்சு எரிஞ்சுதான் இவவை வாசிச்சனான். ஆனால் ஒரு வரி விடாமல் வாசிச்சனான்." வந்திருந்த இருபது பேரும் அழுதார்கள்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டிலிருந்து 'போயிட்டு வாறன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை. நாடகம் என்று தெரிந்தும் அந்த இருபது பேரும் வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். அவ்வளவு தூரம் நம்ப வைத்துவிட்டாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வாசற்படியில் நின்று, "போயிட்டு வாறன் அக்கா!" என்று கத்தினேன். பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "கோதாரி விழுந்த மனுசன், எல்லாத்தையும் குழப்பிப் போட்டீரே!" என்றபடி எழுந்து கொப்பியைத் தேடினார்.

என் உரை அப்படியே நாவலில் வந்தது. அவர் எழுதியவற்றில் உச்சம் அந்தப் பக்கம்தான் என்கிறார்கள்.

நேற்று அதே கூடத்தில் இரங்கலுரை சொல்ல என்னை அழைத்தார்கள். வேறு உண்மை என்னிடம் இல்லை. அதே வார்த்தைகளைச் சொன்னேன். "அக்கான்ரை வசனத்தையே பாடமாக்கிச் சொன்னியள், நல்லாயிருந்தது" என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். ஓம் என்றேன்.

பெட்டி மூடுமுன் வீட்டாரை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார்கள். நான் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். "போயிட்டு வாறன் அக்கா" என்றேன். பந்தலுக்குள் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அவர் சிரிப்பார் என்று கொஞ்ச நேரம் காத்து நின்றேன்.